ஊர்கள் இறங்கி வந்த பகல்

கணக்குப் பிரிவு ரமணம்மா லேசில் சிரிக்கிறவர் இல்லை. ஆந்திராவின் கூடூரிலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் சென்னையின் மேல் அவருக்கு ஒரு வழக்கு உண்டு. தண்ணீர் உப்பு, மிளகாயில் காரமில்லை, ஜனங்களுக்குப் பொறுமையில்லை. அப்படிப்பட்டவர் அன்று காலை கட்டுப்பாட்டு அறைக்குள் வந்தார். கையிலிருந்த காகிதங்களை ஜெனோவாவின் மேசையில் வைக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"என்னம்மா ஆச்சு?" என்றாள் ஜெனோவா.

"தெரில மேடம். எங்க அம்மா வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருக்குது. காது பின்னாடி சூடா இருக்குது. கல்யாணமானதுல இருந்து இப்டி ஆனதே இல்ல."

ஜெனோவா திரையைப் பார்த்தாள். காலையிலிருந்து படுத்துக் கிடந்த காந்தப்புலக் கோடு திடீரென்று எழுந்து நின்றிருந்தது.

ரமணம்மாவின் காதுக்குப் பின்னால் சூடேற்றியது ஊர்ச்சில்லு. அரிசி மணி அளவுதான் இருக்கும். பெருவெள்ளம் வந்த ஆண்டில், காணாமல் போனவர்களைத் தேடி அலுத்துப்போன அரசாங்கங்கள் அதை எல்லோருக்கும் பொருத்தின. பூமியின் காந்தப்புலம் நம் பக்கத்தில் தெற்கே போகப் போகக் கொஞ்சம் குறையும், வடக்கே போகப் போகக் கொஞ்சம் கூடும். பொருத்திய முதல் ஆண்டில் ஒருவர் எந்த ஊரில் இருக்கிறாரோ, அந்த ஊரின் அளவைச் சில்லு மனப்பாடம் செய்துகொள்ளும். அப்புறம் மறக்காது, மாற்றவும் முடியாது. ஊரில் இருந்தால் காதுக்குப் பின்னால் இதமான சூடு. விலகிப் போனால் சூடு தணிந்து, ஊர்ப் பக்கமாக ஓர் இழுப்பு. கிழக்கும் மேற்கும் அதற்குத் தெரியாது. அதைக் கண் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். தொலைந்த பிள்ளை வீடு வந்து சேர வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு செய்த காரியம். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலை தேடிச் சென்னைக்கு வருவார்கள் என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை.

பூமியின் புலமும் சும்மா இருப்பதில்லை. மேலே வானத்தில் ஓடும் மின்னோட்டங்கள் அதை ஆட்டிக்கொண்டே இருக்கும். அமைதியான நாளில்கூட உச்சிவெயிலுக்குக் கொஞ்சம் ஏறி, பொழுது சாய இறங்கும். அந்த ஆட்டத்தைக் கணக்கிட்டு, 'இவ்வளவைக் கழித்துக்கொள்' என்று எல்லாச் சில்லுகளுக்கும் உடனுக்குடன் அனுப்புவதுதான் தரமணியிலிருந்த திருத்த மையத்தின் வேலை. அமைதி நாளில் இயந்திரமே பார்த்துக்கொள்ளும். வானம் குழம்பிய நாளில் மட்டும் ஒரு மனிதர் பார்த்து, கையால் அனுப்ப வேண்டும் என்பது விதி. அன்று அந்த மனிதர் ஜெனோவா.

ரமணம்மாவின் சிரிப்பு வந்த மாதிரியே போயிற்று. கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, பறிகொடுத்தவர் போல நின்றார்.

"போயிடுச்சு மேடம். ஏன் வந்துச்சு, ஏன் போச்சு?"

"சூரியன்லேர்ந்து ஒரு பெரிய வீச்சு வந்திருக்கும்மா. அது பூமியோட காந்தப்புலத்தை முன்பக்கமா அமுக்குது. அமுக்கினதும் அந்த விளிம்புல ஓடுற மின்னோட்டம் பலமாகும், இங்க புலம் சட்டுன்னு ஏறும். ஏறி, உங்க ஊர் அளவுக்கு வந்துச்சு."

"அப்றம்?"

"இனி இறங்கும். பூமியைச் சுத்தி வளையமா இன்னொரு மின்னோட்டம் இருக்கு. சாதாரண நாள்ல அது வாய்க்கால் தண்ணி மாதிரி போய்க்கிட்டிருக்கும். இன்னைக்கு அதுல வெள்ளம் வரப்போகுது. அது பூமியோட புலத்துக்கு எதிரா வேலை பார்க்கிற ஆளு. அது பெருகப் பெருக இங்க புலம் குறைஞ்சுகிட்டே போகும்."

"கூடூர் திரும்ப வராதா?"

"இன்னைக்கு வராதும்மா. இனிமே எல்லாம் தெக்கத்தி ஊர்தான்."

ரமணம்மா காகிதங்களை மேசையில் வைத்துவிட்டு, "எப்பவும் உங்க பக்கத்துக்காரங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் துள்ளலை நம்பித் திருத்தம் அனுப்பக் கூடாது, கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும்வரை கைவைக்கக் கூடாது என்பதும் விதிதான். ஜெனோவா காத்திருந்தாள். கோடு பழைய இடத்துக்கு வந்தது, நிற்காமல் அதையும் தாண்டிக் கீழே போயிற்று. இவ்வளவு வேகமாக இறங்கும் கோட்டை அவள் பார்த்ததில்லை. அவள் திருத்தத்தைக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் வாசலில் விசில் சத்தம் கேட்டது. காவலாளி கலியபெருமாள் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஊர் திண்டிவனம்.

கடலுக்கும் கரைக்கும் தனித்தனியாக அனுப்பலாம். கடலில் இருக்கிறவன் சில்லை நம்பித்தான் கரை திரும்புகிறான்; அவனை ஆந்திரா பக்கம் அலைய விடக் கூடாது. ஜெனோவா கடலுக்கான திருத்தத்தை முதலில் அனுப்பினாள். கரைக்கான பொத்தானுக்கு மேல் விரலைக் கொண்டுபோனவள், அழுத்தவில்லை.

அவளுக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா இறந்த பிறகு அம்மா இஞ்ஞாசியம்மாளை மணப்பாட்டிலிருந்து கூட்டிவந்து அயனாவரத்தில் மூன்றாவது மாடியில் தன்னோடு வைத்துக்கொண்டாள் ஜெனோவா. அன்றிலிருந்து அம்மா படி இறங்கியதில்லை. பால்கனியில் தெற்கே பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். என்னம்மா என்றால், "ஊரு இழுக்குடி" என்பாள். வேறு பேச்சு கிடையாது. கடற்கரையில் நான்கு வீட்டுக்குக் கேட்கிற குரலில் சண்டை போட்டவள்.

கோடு இதே வேகத்தில் இறங்கினால் மாலைக்குள் மணப்பாடு வந்துவிடும். பொத்தானிலிருந்து விரலை எடுத்து, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சென்னை ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தது.

விழுப்புரம் வந்தது. சேலம் வந்தது. சேலத்துக்காரர் ஒருவர் நடு மேம்பாலத்தில் காரை நிறுத்தி இறங்கி, பின்னால் ஒலியெழுப்பியவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கிழக்கு மேற்கு தெரியாத சில்லு என்பதால் கோயம்புத்தூருக்கும் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அடித்தது; மென்பொருள் நிறுவனங்களில் பாதி நாற்காலி காலியாயிற்று. தரமணிச் சாலையில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக நின்று, முன்பின் தெரியாதவர்களிடம் "நீங்க எந்த ஊரு?" என்று விசாரித்தார்கள். இன்னும் தன் ஊர் வராதவனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துத் தேற்றினார்கள். செய்தித் தொலைக்காட்சிகளுக்குத் தேர்தல் முடிவு நாள் மாதிரி ஆகிவிட்டது. தமிழ்நாட்டு வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு கீழே கீழே நகர, "புதுக்கோட்டை உறுதியாகிவிட்டது, காரைக்குடி நெருங்குகிறது, களத்திலிருந்து நமது செய்தியாளர்" என்று மூச்சுவிடாமல் பேசினார்கள். பேசிக்கொண்டிருந்த செய்தியாளருக்குக் காரைக்குடி போலிருக்கிறது. பாதியில் ஒலிவாங்கியைப் பக்கத்திலிருந்தவர் கையில் கொடுத்துவிட்டு நடந்து போய்விட்டார்.

மையத்தின் தொலைபேசி ஓயவில்லை. "சார், மானாமதுரைக்கு எப்போ?" என்றது ஒரு குரல். "எங்க ஊரு தாண்டிப் போயிடுச்சுங்க, கொஞ்சம் மேல ஏத்த முடியுமா?" என்றது இன்னொன்று. கலியபெருமாளே அறைக்குள் வந்து உட்கார்ந்து, எல்லோருக்கும் உற்சாகமாகப் பதில் சொன்னார். அவருடைய திண்டிவனம் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் அவருடைய குதூகலம் இறங்கவில்லை.

ஜெனோவா இடையிடையே அம்மாவைக் கூப்பிட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை. பால்கனியில் உட்கார்ந்திருப்பாள், கைபேசி உள்ளே கிடக்கும்.

மதுரை கடந்ததும் இயக்குநர் சௌந்தரபாண்டியன் அழைத்தார். டெல்லியில் கூட்டத்துக்குப் போக அன்று காலை கிளம்பியவர், சூரியப் புயலால் விமானம் பறக்காததால் மீனம்பாக்கத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஜெனோவா, திருத்தம் ஏன் போகல? மந்திரி ஆபீஸ்லேர்ந்து என்னைக் குடையுறாங்க. நீங்க அனுப்புறீங்களா, நான் வந்து அனுப்பட்டா?"

"கடலுக்கு அப்பவே அனுப்பிட்டேன் சார். கரைக்குத்தான் பாக்கி."

"அதைத்தான் கேக்குறேன். ஊரே நடுரோட்டுல ஆடுது."

"இப்ப திருமங்கலம் தாண்டிடுச்சு சார். விருதுநகர் வருது."

இயக்குநருக்கு அருப்புக்கோட்டை.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று குரலை உயர்த்தினார். "விதின்னு ஒண்ணு எழுதி வச்சிருக்கோம். அதிகாரின்னா சொந்த விருப்பு வெறுப்புக்கு அப்பாற்பட்டு, இந்த மாதிரி நேரத்துலதான் பொறுப்போட..."

வாக்கியம் முடியவில்லை. ஜெனோவா கேட்டுக்கொண்டே இருந்தாள். மறுமுனையில் யாரோ மேசையில் தாளம் போடுகிற சத்தம் வந்தது.

"சார்?"

"எங்க தெரு முக்குல ஒரு பருத்திப்பால் கடை இருந்தது ஜெனோவா."

"சொல்லுங்க சார்."

"சுக்கு கொஞ்சம் தூக்கலா போடுவான்."

"திருத்தம் அனுப்பட்டுமா சார்?"

"இருங்க, இருங்க. ஏன் இப்படிப் பறக்குறீங்க? அவசரத்துல எடுத்த முடிவு எதுவும் உருப்பட்டதில்ல" என்று சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தார்.

ஜெனோவாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்து மேசையில் தேசப்பன் இருந்தான். இத்தனை வருஷமாக அவளோடு வேலை பார்க்கும் பொறியாளன், காசிமேட்டுக்காரன். மையத்தில் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவன் அவன் ஒருவன்தான். திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தை இரண்டு கைகளாலும் தேய்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அவன் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"தேசப்பா, உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாதான் கீது." அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். "இது என் சீட்டு, இது என் டம்ளர். எல்லாம் தெரியுது மேடம். ஆனா எதுவுமே என்னுது மாதிரி இல்ல. யாரோ ஒருத்தர் ஆபீசுல வந்து குந்திக்கினு இருக்கிற மாதிரி இருக்குது. வீட்டுக்குப் போலாம்னு தோணுது. வீடுன்னு நெனச்சா அதுவும் அப்டிதான் கீது."

ஜெனோவாவின் சிரிப்பு அடங்கிவிட்டது. புலம் இறங்கினால் சென்னையில் சென்னை இருக்காது. கணக்குத் தெரிந்தவள்தான். அவள் கணக்கில் தேசப்பனைச் சேர்க்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம்தான். கோவில்பட்டி வந்துடுச்சு. அப்புறம் திருநெல்வேலி, அப்புறம்..."

"அப்புறம் உங்க ஊரு. தெரியும் மேடம். அதனாலதான் நான் காலைலேர்ந்து வாயத் தெறக்கல." அவன் கைபேசியை அவள் பக்கம் திருப்பினான். "இத்தப் பாருங்க. பக்கத்து வூட்டு அண்ணி அனுப்பிச்சாங்க."

காணொளியில் தேசப்பனின் அப்பா, கடலுக்குப் போவதை விட்டுப் பல வருஷமான மனிதர், தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. வழியில் போகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "யப்பா, என்னைக் கொஞ்சம் வூட்டாண்ட விட்டுடேன்." "நைனா, இதான் உன் வூடு" என்று ஒரு பெண் சொன்னாள். அவர் திரும்பிக் கதவைப் பார்த்தார், மரியாதையாகத் தலையை ஆட்டினார். பிறகு அடுத்து வந்தவனிடம் அதையே கேட்டார். சொன்ன பெண்ணும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்தத் தெருவைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத் திருவிழா" என்றான் தேசப்பன். "எனக்கும் புரியுது. நீங்கல்லாம் வருஷக்கணக்கா இப்டிதான கஷ்டப்பட்டுக்கினு இருந்தீங்க. எனக்கு ஒரு நாள்தான். அத்தத் தாங்கிக்கலாம்னுதான் பாத்தேன். நைனாவாலதான் முடியல."

திரையில் கோடு இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. திருநெல்வேலி தொடங்கிவிட்டதாகத் தொலைக்காட்சி கத்தியது. இன்னும் அரைமணியோ முக்கால் மணியோதான். ஜெனோவா தெற்கே பார்த்துப் பால்கனியில் போட்டிருந்த நாற்காலியை நினைத்தாள். அதில் உட்கார்ந்திருப்பவளின் காதுக்குப் பின்னால் சூடு பரவும்போது முகம் எப்படியிருக்கும் என்று காலையிலிருந்து அவள் கற்பனை செய்துவைத்திருந்தாள். அவளுக்குமே அந்தச் சூடு வேண்டியிருந்தது.

கோட்டை மறுபடி பார்க்கவில்லை. கரைக்கான பொத்தானை அழுத்தினாள்.

சாலையில் சத்தம் மெல்லக் குறைந்தது. படம் முடிந்து வெளியே வருகிறவர்கள் மாதிரி ஜனங்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். கலியபெருமாள் தொப்பியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

தேசப்பனின் கைபேசி அடித்தது. எடுத்தவன் காதில் வைக்காமல் அவளும் கேட்கட்டும் என்று நடுவில் பிடித்தான்.

"ஏன்டா டேய்" என்றது கிழவரின் குரல், கோபமாக. "எவன்டா என் சட்டை துணியெல்லாம் பையில அமுக்கி வாசல்ல வெச்சது?"

தேசப்பன் சிரித்தான். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "வந்து சொல்றேன் நைனா, உள்ள போ" என்றான்.

ஜெனோவா கிளம்பும்போது இயக்குநர் மறுபடி அழைத்தார். குரலில் பழைய விறைப்பு வந்திருந்தது.

"நாளைக்கு விசாரணை இருக்கும். நான் சொன்ன உடனே நீங்க அனுப்பலைன்னு ஒத்துக்கணும்."

"ஒத்துக்கறேன் சார்."

"வேலை போகாது. பாத்துக்கறேன். ஆனா மாத்திவிடுவாங்க."

"சரிங்க சார்."

அவர் தொடர்பைத் துண்டிக்கவில்லை. "அடுத்த புயல் எப்ப இருக்கும்னு ஏதாவது கணிப்பு இருக்கா?" என்றார் தாழ்ந்த குரலில்.

"சூரியனைத்தான் சார் கேக்கணும்."

மெட்ரோவில் நிற்க இடமில்லை. அழுது முடித்த முகங்களும் சிரித்து முடித்த முகங்களுமாக, யாரும் யாரையும் இடித்ததற்குக் கோபித்துக்கொள்ளாமல் வந்தார்கள். ஜெனோவாவுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற நாகர்கோவில்காரர் மட்டும் நண்பரிடம் குமுறிக்கொண்டு வந்தார்.

"திருநெல்வேலி வரை வந்தாச்சு பாத்துக்கோ. இன்னும் கொஞ்சம் எறங்கியிருந்தா நம்ம ஊரு. எந்த மடையன் நிப்பாட்டினானோ, அவனுக்கு நல்ல கஞ்சி கிடைக்காது."

ஜெனோவா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தாள். சொல்லாமலே விட்டுவிடலாம். ஆனால் பகல் முழுக்க எல்லா ஊர்க்காரர்களும் கூத்தாடியது மூன்றாவது மாடிக்குக் கேட்டிருக்கும். தன் முறை வரும் வரும் என்று அந்த நாற்காலியில் காத்திருந்திருப்பாள். வராமலே பொழுது சாய்ந்திருக்கும்.

தெருமுனையில் திரும்பியவள் முதலில் பார்த்தது மேலே பால்கனியை. நாற்காலி காலியாக இருந்தது. வேகமாக நடந்தாள்.

கட்டடத்தின் வாசலில், தெருவை அடைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் பாய்களும் கிடந்தன. பெண்கள் கூட்டம். நடுவில், இரண்டு வருஷமாகப் படி இறங்காத இஞ்ஞாசியம்மாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அரிவாள்மணை முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். தட்டில் பெரிய பாரை மீன். எதிரில் தரைத்தளத்து மெய்யம்மை, காரைக்குடிக்காரி, இடுப்பில் கைவைத்து நின்றாள். அம்மாவின் குரல் நான்கு வீட்டுக்குக் கேட்டது.

"புளியக் கரைச்சி ஊத்திட்டா கொழம்பாயிருமா? தேங்காய அரைக்காம மீனப் போடுதாளாம். இதக் கேக்க ஆளில்ல."

"ஆச்சி, எங்க வீட்ல செய்யறதைச் சாப்பிட்டுப் பார்த்துட்டுப் பேசுங்க" என்றாள் மெய்யம்மை.

"சாப்பிட்டுட்டுத்தான பேசுதேன்."

கூட்டம் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். ஜெனோவா சற்று நேரம் அப்படியே நின்றாள். பிறகு கிட்டே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வந்துட்டியா" என்றாள் அம்மா, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல். "போனு மேல கெடக்கு. மத்தியானமே இந்த மெய்யம்ம வந்து கையப் புடிச்சி இழுத்துட்டு வந்துட்டா. அவளுக்கு ஊரு வந்துட்டாம், தனியா இருக்க முடியலயாம். அப்பொறம் அந்தத் திருச்சிக்காரி, இந்தா இந்தத் தேனிப் பிள்ள... ஒரே ஆட்டந்தான் போ. சிரிச்சி சிரிச்சி வெலா நோவுது."

"அம்மா, உன்ட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"நம்ம ஊரு வரல. திருநவேலி வரைக்குந்தான் வந்துச்சி. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வந்திருக்கும். நாந்தான் நிப்பாட்டிட்டேன். உனக்கு வரட்டும்னுதான் காலையில இருந்து விட்டு வச்சிருந்தேன். கடைசியில முடியல."

இஞ்ஞாசியம்மாளின் கை நின்றது. மீன் வாடையடித்த விரலைச் சேலையில் துடைத்துவிட்டு, காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தாள். அழுத்திப் பார்த்தாள்.

"வரலியா?"

"வரல."

"நான் ஊரு வந்துட்டுன்னுல்லா நெனச்சேன்" என்றாள்.

அதற்குள் உள்ளே போயிருந்த மெய்யம்மை, "ஆச்சி, எண்ணெய் காஞ்சு போச்சு" என்று கூப்பிட்டாள்.

"வாரேன் வாரேன், தீயக் கொற" என்று அம்மா திரும்பிக் கத்தினாள். அரிவாள்மணையை மகள் பக்கம் தள்ளிவிட்டாள். "நீ இந்தத் தலைய ரெண்டா வகுந்து வையி. நான் போயி பாக்கேன், அவ மொளகாயக் கருக்கிருவா."

முட்டியில் கையூன்றி எழுந்து, சேலையை உதறிக்கொண்டு மெய்யம்மையின் சமையலறைக்குள் விடுவிடுவென்று போனாள்.